சொல்லக் கூசும் புற்றுநோய்

தளபதியின் மௌனம்

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தில் இருந்தவர். நான்கு நட்சத்திர ஜெனரல். 2023 டிசம்பர் 22 அன்று அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. புத்தாண்டு நாளில் கடும் வலியோடு மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தார். அந்தச் செய்தியே அதிபர் பைடனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் போனது. என்ன நோய் என்பது ஜனவரி 9 அன்றுதான் பைடனுக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளவே முதலில் தோன்றியது என்று ஆஸ்டின் பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பிரெஞ்சு அதிபர் மித்தரான் ஒரு படி மேலே போனார். 1981இல் பதவியேற்ற சில மாதங்களிலேயே, எலும்புவரை பரவிய புராஸ்டேட் புற்று அவருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. மக்களுக்குத் தெரிந்தது 1992இல். அதுவரை நலமாக இருப்பதாகவே மருத்துவ அறிக்கைகள் வந்தன. இதில் அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் பதவி ஏதும் இல்லாத சாதாரண ஆண்களும் இதையேதான் செய்கிறார்கள். மாரடைப்பு வந்ததை ஊரெல்லாம் சொல்பவர், இதை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்.

இருக்கும் இடம் அப்படி

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். சிறுநீரை அடக்கும் தசை அதன் அடியிலேயே இருக்கிறது. விறைப்புக்கான நரம்புகள் இரு பக்கமும் அதை ஒட்டியே ஓடுகின்றன. சுரப்பியை எடுத்தாலும் கதிர்வீச்சு கொடுத்தாலும் இவை பாதிக்கப்படலாம். ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனி என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். நோய் முற்றியவர்களுக்கு அந்த ஹார்மோனை அடக்க ஊசி போடுகிறார்கள். ஆசை வற்றுகிறது, உடம்பு திடீர் திடீரெனக் கொதிக்கிறது, சிலருக்கு மார்பு வீங்குகிறது. ஆண்மை என்று ஓர் ஆண் சிறு வயதிலிருந்து நம்பிவந்த எல்லாவற்றிலும் இந்தச் சிகிச்சை கைவைக்கிறது.

கூச்சம் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆசனவாயில் விரல் விட்டுச் செய்யும் சோதனை சில நொடிதான். அதற்கு அஞ்சி மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் உண்டு. முதல் பரிசோதனை வெறும் ரத்தப் பரிசோதனையாகவே இருக்கலாம். அதன் பெயர் பி.எஸ்.ஏ. வீக்கம், தொற்று இருந்தாலும் அந்த அளவு கூடும். கூடியதாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது. தொடக்கத்தில் இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீரத்துக்கும் விலை உண்டு

ஒளிப்பவர்களைப் போலவே, “உடனே வெட்டி எறியுங்கள் டாக்டர்” என்று அவசரப்படுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஆண் வீம்புதான். மெதுவாக வளரும் புற்றை உடனே தொடாமல், அவ்வப்போது சோதித்துக் கண்காணிக்கலாம். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. சுரப்பியைத் தாண்டிப் பரவாத புற்று உள்ளவர்களில், கண்காணிப்போ அறுவையோ கதிர்வீச்சோ எதைப் பெற்றிருந்தாலும், 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான். வேகமாகப் பரவும் வகைக்கு இது பொருந்தாது.

பாப் டோல் பேசினார்

இரண்டாம் உலகப் போரில் காயமுற்று வலக்கை செயலிழந்த அமெரிக்க செனட்டர் பாப் டோலுக்கு 1991இல் புராஸ்டேட் புற்றுக்காக அறுவை நடந்தது. பின்னாளில் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி, விறைப்புக் குறைபாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். கேலிக்காரர்கள் விடவில்லை. ஆனாலும் என் கணக்கில் அந்தப் பேச்சு எத்தனையோ விழிப்புணர்வு ஊர்வலங்களுக்குச் சமம்.

பேசினால்தானே வழி தெரியும்? அறுவைக்குப் பின் வரும் சிறுநீர்க் கசிவு பலருக்கு ஓராண்டுக்குள் குறைந்துவிடும்; இடுப்படித் தசைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கலாம். விறைப்புக்கான நரம்பு தேற ஈராண்டுகூட ஆகலாம். மாத்திரை, வெற்றிடப் பம்பு, ஊசி, உள்வைப்பு என்று வழிகள் பல. விறைப்பு இல்லாமலும் உச்சம் சாத்தியம். விந்து மட்டும் வராது. இதை யாரும் சொல்லாததால்தான் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் விறைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது.

50 வயதைத் தாண்டியவர்கள் பி.எஸ்.ஏ. சோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்தால் 45இலேயே கேளுங்கள். போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். சிறுநீர், தாம்பத்தியம் இரண்டையும் பற்றி டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே பேச்செடுங்கள்.