பழைய வீட்டின் பைன் தரை: பலகைக்குக் கீழே முதலில் பாருங்கள்

பழைய வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் கோரி எங்களிடம் வரும் விண்ணப்பங்களுடன் ஒப்பந்தக்காரரின் மதிப்பீடு ஒன்றும் இணைந்திருக்கும். மரத்தளம் உள்ள வீடு எனில், அம்மதிப்பீட்டின் முதல் வரி பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது: ‘பழைய பலகைகளை முழுவதும் அகற்றிவிட்டு, சிமெண்டுத் தளம் அமைத்து டைல்ஸ் பதித்தல்.’

மேகாலயத் தலைநகர் ஷில்லாங்கில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இத்தகைய மதிப்பீட்டுடன் கிளைக்கு வந்தார். கோரிய தொகை ஆறு லட்சம் ரூபாய். “நடந்தால் தரை ஆடுகிறது, குளியலறைப் பக்கம் கால் புதைகிறது. பாட்டனார் கட்டிய வீடு. பலகைகளை எடுத்தெறிய மனமில்லை. ஆனால் இனித் தாங்காது என்கிறார்கள்” என்றார்.

கடன் வழங்குமுன் இடத்தைப் பார்வையிடுவது வங்கி நடைமுறை. அவ்வாறு சென்ற எங்கள் பொறியாளர் அறைக்குள் அதிக நேரம் நிற்கவில்லை. டார்ச் விளக்குடன் தரைக்கு அடியில் ஊர்ந்து சென்றார். அங்கே அவர் கண்டவையே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஷில்லாங்கின் மரவீடுகள்

ஷில்லாங் 1874-ஆம் ஆண்டில் அசாம் மாகாணத்தின் தலைமையிடமாயிற்று. அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே கல் கட்டடங்கள் பல எழுந்தன. 1897 ஜூன் 12 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கம் அவற்றைத் தரைமட்டமாக்கியது. அதன் பின்னர் எடை குறைந்த கட்டுமானமே அப்பகுதியின் வழக்கமாயிற்று. மரச்சட்டகம், நாணலைப் பரப்பி இருபுறமும் பூசிய சுவர், தகரக் கூரை, தரைமட்டத்திலிருந்து உயர்த்தி அமைத்த மரத்தளம் ஆகியவை அதன் கூறுகள். ‘அசாம் வகை வீடு’ என்று இதனை அழைப்பர்.

காசி மலைகளில் இயற்கையாக வளரும் பைன் மரமே பல வீடுகளில் தரைப்பலகையாயிற்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. ஆகவே தரைக்கு அடியில் இடைவெளி விட்டு, அதன் வழியே காற்று ஓடுமாறு கட்டினர். அந்தக் காற்றோட்டமே பலகைகளின் ஆயுளைக் காத்து வந்தது. இதை நினைவிற்கொண்டால் பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

மாற்றுப் பலகை எளிதில் கிடைக்குமா?

பழைய பலகையை எறிந்துவிட்டு அதே தரத்தில் புதியது வாங்கலாம் என்று எண்ணுவது பிழை. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளில் நிகழ்ந்த மரவெட்டை எதிர்த்து, கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணை நாடு முழுவதையும் தொட்டது. ஒப்புதல் பெற்ற செயல்திட்டப்படியன்றிக் காடுகளில் மரம் வெட்டலாகாது என்றும், வடகிழக்கின் ஏழு மாநிலங்களிலிருந்து பிற மாநிலங்களுக்கு மரம் கொண்டுசெல்லலாகாது என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. நம் கூடலூரில் தொடங்கிய ஒரு வழக்கு, ஷில்லாங்கின் மரச்சந்தை வரை சென்று எட்டியது.

தவிர, முதிர்ந்த காட்டில் மெல்ல வளர்ந்த மரத்தின் ஆண்டு வளையங்கள் நெருக்கமானவை; வைரம் பாய்ந்த பகுதியும் அதில் மிகுதி. விரைவாக வளர்ந்த இளமரத்தில் வெளிப்புற மென்மரமே அதிகம். அது ஈரத்துக்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகும். எனவே நல்ல நிலையிலுள்ள பழைய பலகை, கையிலிருக்கும் ஒரு சொத்து. அதைச் செலவினமாகக் கருதலாகாது.

பழுது பிறக்கும் இடம்

மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும் வரை அது மக்குவதில்லை. மக்கியிருந்தால் எங்கிருந்தோ நீர் வருகிறது என்பது பொருள். அதன் வழியை அடைக்காமல் பலகையை மட்டும் மாற்றினால், புதிய பலகையும் சில ஆண்டுகளில் அதே கதியை அடையும்.

ஆசிரியை வீட்டில் இரண்டு காரணங்கள் தெரிந்தன. முதலாவது, குளியலறைக் கழிவுக்குழாயின் இணைப்பில் கசிவு. இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு முன் முன்திண்ணையைச் சிமெண்டால் புதுப்பித்தபோது, தரைக்கு அடியில் காற்றுப் புகும் துளைகள் அப்பக்கம் முழுவதும் மூடப்பட்டிருந்தன. குளியலறையை ஒட்டிய இரண்டு அறைகளில், பலகைகளைத் தாங்கும் கட்டைகளின் முனைகள் மட்டும் இற்றிருந்தன. ஏனைய அறைகளின் பலகைகள் உறுதியாகவே இருந்தன. தரை ஆடியதற்குக் காரணம் பலகையன்று. அதைத் தாங்கும் கட்டை.

ஒப்பந்தக்காரர் சொன்னபடி சிமெண்டுத் தளம் இட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? எஞ்சிய காற்றோட்டமும் அடைபட்டு, ஈரம் சுவரைத் தாங்கும் மரத்தூண்களை நோக்கிச் சென்றிருக்கும். தரையைக் காக்க வாங்கிய கடன் வீட்டையே பழுதாக்கியிருக்கும்.

நீங்களே சோதிக்கலாம்

கூர்மையான திருப்புளி ஒன்றும் டார்ச் விளக்கும் போதும். தாங்கு கட்டைகள் சுவரில் அமரும் முனைகளிலும், குழாய்கள் செல்லும் இடங்களிலும் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். மக்கிய மரத்தில் முனை எளிதாக இறங்கும்.

ஊசிமுனை அளவு துளைகள் தெரிந்தால் அது உளுப்பூச்சியின் வேலை. துளையருகே வெளிறிய புதுத்தூள் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கக்கூடும். தூள் இல்லையெனில் துளை பழையதாக இருக்கலாம். தூண்களின் மீது மண்குழாய் ஏறியிருந்தால் கரையான் வந்திருக்கிறது. அதற்குத் தேர்ந்தவரின் உதவி தேவை.

பலகைகளுக்கு இடையே தெரியும் சிறு இடைவெளிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். குளிர்காலத்தில் மரம் சுருங்கி இடைவெளி விரியும். மழைக்காலத்தில் ஊறி நெருங்கும். இது மரத்தின் இயல்பு.

பழுது நீக்கும் வரிசை

முதலில் ஈரத்தின் வழியை அடைக்க வேண்டும். கசிவைச் சரிசெய்து, காற்றுத் துளைகளைத் திறந்து, எலி புகாமல் வலையிட வேண்டும். மழைநீர் வீட்டை விட்டு விலகி ஓடுமாறு வடிகால் அமைப்பது நன்று. பின்னர் சில வாரங்கள் மரம் உலரக் காத்திருப்பது அவசியம். ஷில்லாங்கில் நவம்பர் முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களே இதற்கு ஏற்றவை.

அடுத்து, இற்றுப்போன கட்டைமுனையை நல்ல மரம் தெரியும் வரை அறுத்தெடுத்து, பக்கத்தில் புதிய கட்டையைப் போல்ட்டு கொண்டு இணைக்கலாம். பலகைகளை நெம்பி எடுக்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் சாக்கட்டியால் எண்ணிடுங்கள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க அது உதவும். ஒரு பலகையின் விளிம்பிலுள்ள நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் பொருந்தும் வகையாயின், அவசரப்பட்டால் நாக்கு முறிந்துவிடும். மக்கிய பகுதியை மட்டும் வெட்டி, அதே வீட்டில் அலமாரிக்கு அடியிலோ சிற்றறையிலோ உள்ள பழைய பலகையைக் கொண்டு ஒட்டுப்போடுவது சிறந்தது. போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை வெறும் மரத்தின் மீது பூசினால் பூச்சியும் பூஞ்சையும் தடைபடும். ஆனால் தொடர்ந்து நனையும் இடத்தில் அது கரைந்து போய்விடும்.

அகன்ற இடைவெளிகளில் மெல்லிய பைன் பட்டைகளைச் செருகி, ஒரு பக்கம் மட்டும் பசையிடுங்கள். மக்கு கொண்டு இறுக அடைத்தால், மழைக்காலத்தில் விரியும் பலகைகளுக்கு இடமின்றித் தரை மேலெழும்பிவிடும்.

மேற்பரப்பைத் தேய்ப்பது கடைசி வேலை. ஆணித்தலைகளை முதலில் உள்ளே இறக்க வேண்டும். பழைய மெழுகைக் கற்பூரத் தைலத்தால் துடைத்தெடுக்காவிடில் உப்புத்தாள் உடனே அடைபடும். 40-ஆம் எண் தாளில் தொடங்கி, 80, 120 என்று மென்மையானவற்றுக்குச் செல்லலாம். தேய்ப்பது மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இருக்கட்டும். பைன் மென்மையான மரம். இயந்திரம் ஓரிடத்தில் நொடிப்பொழுது நின்றாலும் குழி விழும். ஒவ்வொரு முழுத் தேய்ப்பும் பலகையின் கனத்தைக் குறைக்கிறது. ஆகவே கறை அனைத்தும் மறைய வேண்டும் என்று பிடிவாதம் கொள்ள வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என வரையறுத்த விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன் தீட்டிய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காதீர்கள்; ஈரப்படுத்திச் சுரண்டி எடுங்கள்; குழந்தைகள் அருகே வேண்டாம். மற்றொன்று, மெருகிடப் பயன்படும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்து உலர்த்துங்கள். அல்லது நீரில் அமிழ்த்துங்கள்.

எண்ணெயும் மெழுகும் இட்ட தரையில் தேய்ந்த இடத்தை மட்டும் மீண்டும் பூசலாம். பாலியூரித்தேன் வார்னிஷ் உறுதியானது. ஆனால் பழுதுற்றால் பெரும்பாலும் அறை முழுவதையும் தேய்க்க நேரும். எதைத் தேர்ந்தாலும், நீரூற்றிக் கழுவாமல் பிழிந்த துணியால் துடைப்பதே தரைக்கு நல்லது.

கடனும் கணக்கும்

மரத்தளத்தைத் திறந்து பார்க்காமல் எழுதிய மதிப்பீடு ஊகமே. ஆகவே ஈரம் நீக்குதல், தாங்கு கட்டைகள், பலகைகள், மெருகு என நான்கு தலைப்புகளில் தனித்தனியாக மதிப்பீடு கேட்டுப் பெறுங்கள். திறந்த பின் தெரியவரும் குறைகளுக்கென ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். கடனைப் பணி முன்னேறும் அளவுக்கேற்பப் பகுதி பகுதியாகப் பெற்றால், பெறாத தொகைக்கு வட்டி இல்லை.

பழைய வரி முறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ. 30,000 வரை கழிவு கோரலாம். வீட்டுக்கடன் வட்டிக்கான ரூ. 2 லட்சம் என்னும் மொத்த வரம்புக்குள் இது அடங்கும். பழுதுபார்ப்புக் கடனின் அசலுக்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு இவ்வட்டிக் கழிவும் இல்லை. ரசீதுகளைத் தவறாது பாதுகாத்து வையுங்கள்.

ஆசிரியை அம்மையார் இறுதியில் பெற்ற கடன், முதலில் கோரியதில் பாதிக்கும் குறைவு. குளியலறையை ஒட்டிய அறைகளில் சில பலகைகள் மட்டும் மாறின. பணி முடிந்தபின் நாங்கள் சென்றபோது, சன்னலோரத்தில் தேய்ந்து பள்ளமாகியிருந்த ஒரு பலகையைக் காட்டினார். பாட்டியார் நாள்தோறும் நாற்காலியிட்டு அமர்ந்த இடமாம். அதை மட்டும் தேய்க்க வேண்டாமென்று தச்சரிடம் சொல்லிவிட்டாராம்.

உங்கள் வீட்டிலும் மரத்தளம் இருந்து, அதை மாற்றிவிடலாம் என்று எவரேனும் சொன்னால், கையெழுத்திடுமுன் ஒருமுறை விளக்குடன் அடியில் சென்று பாருங்கள். அதன் பின்னர் எங்களிடம் வாருங்கள். தேவையான தொகை எவ்வளவு என்பதைச் சேர்ந்தே கணக்கிடுவோம்.