நலிந்த கைக்குத் துணை நிற்கும் எந்திரக் கை

மணலில் எழுத்துப் பழகும் குழந்தையின் விரலை ஆசிரியர் பற்றிக்கொள்கிறார். பிடி இறுகினால் எழுத்து ஆசிரியருடையதாகிவிடும். பிடி நழுவினால் கோடு வழிதவறும். பக்கவாதத்தால் கை நலிந்தோருக்குப் பயிற்சி தரும் எந்திரத்தை அமைப்போர் எதிர்கொண்ட சிக்கலும் இதுவேயாம்.

பக்கவாதத்தில் கை நலிந்தாலும் நோயின் இடம் மூளையே. மூளையின் குருதிக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ அதன் ஒரு பகுதி அழிகிறது. அழிந்தது மீளாது. ஆயினும், நோயாளி தாமே முயன்று திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளால், எஞ்சிய பகுதிகள் இழந்த தொழிலை ஓரளவு ஏற்கக் கற்கின்றன. ஆகவே, பிறர் கையை அசைத்துவிடுவது போதாது. முயற்சி நோயாளியிடமிருந்து பிறத்தல் வேண்டும்.

தொழிற்சாலை எந்திரக் கை இதற்கு ஒவ்வாது. அது குறித்த பாதையில் விட்டுக்கொடாமல் செல்லும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் நெவில் ஹோகன் 1985இல் வேறொரு முறையை விளக்கினார். எந்திரம் எங்கே செல்லவேண்டும் என்பதோடு, எதிர்த்துத் தள்ளினால் எவ்வளவு இணங்கவேண்டும் என்பதையும் வரையறுப்பதே அம்முறை.

அதன்வழி அவரும் எர்மானோ கிரெப்ஸ் முதலியோரும் அமைத்த கருவியே 'எம்.ஐ.டி. மானுஸ்'. மானுஸ் என்பது இலத்தீன் மொழியில் கையைக் குறிக்கும் சொல். நோயாளி அதன் பிடியைப் பற்றி மேசை மட்டத்தில் கையை நகர்த்துவார். திரையில் ஒரு புள்ளி இலக்கை நாடிச் செல்லும். அவர் அசைந்தால் எந்திரம் தடையின்றி உடன்செல்லும். தயங்கினால் மெல்லத் துணைசெய்யும். வழி விலகினால் வில்கம்பிபோல் ஈர்க்கும். 1994 முதல் நியூயார்க் மாநிலத்தின் பர்க் மருத்துவமனையில் நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது.

பயன் யாது? அமெரிக்க முன்னாள் படைவீரர் 127 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையைவிட எந்திரப் பயிற்சி 12 வாரங்களில் தெளிவான மேன்மை காட்டவில்லை. 36 வாரங்களில் சற்று மேம்பட்டு நின்றது. ஆனால், அதே அளவு தீவிரமாக மனிதர் அளித்த பயிற்சியை அது விஞ்சவில்லை. 770 பேரைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் கையின் அசைவு ஓரளவு தேறினும், கையால் செய்யும் பணிகளில் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் நன்மை தென்படவில்லை.

திரையில் புள்ளியை நகர்த்துவது வேறு. சட்டைப் பொத்தானை மாட்டுவது வேறு. எழுத்தின் வடிவம் பழகிய குழந்தை அந்நாளிலேயே கடிதம் எழுதிவிடுவதில்லை அன்றோ! சலியாது நூற்றுக்கணக்கான முறை பயிற்றுவிக்க எந்திரத்தால் இயலும். அப்பயிற்சியை உண்ணும் கையாகவும் உடுத்தும் கையாகவும் மாற்றித் தருவதற்கு, அருகிலிருந்து கற்பிக்கும் மனிதர் இன்றும் வேண்டும்.