விரலில் மாட்டும் கருவியும் வியாபாரியின் பொறுப்பும்

2021 ஆகஸ்ட் மாதம். கொவிட் நோயாளிகளை வீட்டில் வைத்தே பராமரித்த காலம். விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் ஒக்சிமீற்றருக்குப் பெரும் கிராக்கி. ஒருவர் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து, "நானா, நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது" என்றார்.

ஒன்றை எடுத்து என் சட்டைப்பையிலிருந்த பேனையில் மாட்டினேன். 97 என்று காட்டியது. பேனைக்கு நாடித்துடிப்பும் இருந்தது!

உண்மையில் இது அருமையான கருவி. ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அஒயாகி 1974இல் இதன் வழியைக் கண்டறிந்தார். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலினூடாகச் செல்கின்றன. ஒட்சிசன் உள்ள இரத்தமும் இல்லாத இரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் விடை வந்துவிடும். ஊசி வேண்டாம், ஆய்வுகூடம் வேண்டாம், இரண்டு சிறிய பெட்டரி போதும். மின்சாரமில்லாத கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

ஆனால் மலிவு என்பதற்கும் ஒரு கணக்குண்டு. உலகில் 77,000க்கும் அதிகமான சத்திரசிகிச்சைக் கூடங்களில் இக்கருவி இல்லை என 2010இல் மதிப்பிட்டார்கள். அக்குறையைப் போக்க 2011இல் தொடங்கிய லைஃப்பொக்ஸ் என்ற தொண்டு நிறுவனம் சந்தையில் மலிவானதை அள்ளவில்லை. விழுந்தாலும் உடையக்கூடாது, மின்சாரம் போனாலும் ஓட வேண்டும், அளவு குறைந்தால் ஓசை எழுப்ப வேண்டும் என்று முதலில் தேவையை எழுதியது. பிறகுதான் தாய்வான் கம்பனியொன்றிடம் ஏறக்குறைய 250 டொலருக்குப் பெற்றது. ஆஸ்பத்திரிக் கருவிகளின் விலையோடு பார்த்தால் அது மிகக் குறைவு.

நல்ல கருவியும் பிழைப்பதுண்டு. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, இரத்தப் பரிசோதனையில் 88க்கும் குறைவாக இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். நம்மவர் தோலின் நிறத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். நட்டமா என்றால், அந்த மாத இலாபம் போனது உண்மைதான். மனம் கொஞ்சம் அடித்துக்கொண்டது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபியவர்களின் சம்பவத்தை நம் கடைகளில் அறியாதவர் யார்? இங்கே ஈரம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்பொருளை விற்க விரும்பும் சகோதரர்கள் முதலில் இறக்குமதியாளரிடம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பதிவுப் பிரதியைக் கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருத்துவக் கருவிகளுக்கும் பொருந்தும். பிரதி தர மழுப்பினால் சரக்கை எடுக்காதீர்கள்.

விற்கும்போது தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு எழுதி வையுங்கள்: விரல் குளிராக இருக்கக்கூடாது, நகச்சாயம், கறுத்த மருதோன்றி உள்ள விரலைத் தவிர்க்கவும், எண் நன்றாக இருந்தாலும் மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவும்.