கண்காணிப்பில் இருப்பவருக்குப் புதிய தொல்லை வந்தால்



புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த ஒரு சிறு சுரப்பி. அதில் உண்டாகும் புற்றுநோய்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வளருகிறவை அல்ல. பயாப்ஸி என்னும் சதைப் பரிசோதனையில் க்ளீசன் எண் 6 ஆகவும், பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவு 10-க்குக் குறைவாகவும் இருந்து, கட்டி சிறியதாகச் சுரப்பிக்குள் அடங்கியிருந்தால், அதை அபாயம் குறைந்த வகை என்பார்கள். இவர்களில் அநேகருக்கு உடனே சிகிச்சை தராமல், குறித்த காலங்களில் பரிசோதித்துக் கண்காணித்து வருவார்கள். நோய் வேகம் பிடித்தால் அப்போது அறுவை சிகிச்சையோ கதிரியக்கமோ தரப்படும்.

இது வியாதியஸ்தரைக் கைவிடுவது அல்ல. பிரிட்டனில் 1,643 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவு கண்காணிக்கப்பட்டது. மற்ற இரண்டுக்கும் அறுவை சிகிச்சையும் கதிரியக்கமும் தரப்பட்டன. 2023-இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் 100-க்குச் சுமார் 3 பேர்தான். ஆனால் நோய் பரவியவர்கள் கண்காணிப்புப் பிரிவில் 100-க்கு 9 பேர். மற்றப் பிரிவுகளில் 5 பேர். அவர்கள் எல்லாரும் அபாயம் குறைந்த வகையினர் அல்லர் என்றாலும், கண்காணிப்பில் அசட்டை கூடாது என்பதை இது காட்டுகிறது.

இப்படி இருப்பவருக்கு ஒரு நாள் சிறுநீர் மெல்லிய தாரையாகப் போகிறது. இரவில் நாலைந்து முறை எழ வேண்டியிருக்கிறது. "நோய் முற்றிவிட்டது" என்று மனம் கலங்குகிறது. உண்மையில், சுரப்பிக்குள் அடங்கிய சிறு கட்டி பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. வயதினால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை வியாதி ஆகியவையே இத்தொல்லைகளுக்கு அடிக்கடி காரணம். பயாப்ஸிக்குப் பின் சில வாரங்கள் விந்தில் இரத்தம் காணப்படுவதும் வழக்கமே.

ஆனால் பின்வருபவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது:

1. சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளுதல்.

2. பயாப்ஸி செய்த சில நாட்களில் குளிர்காய்ச்சல்.

3. முதுகுவலியோடு கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல், மலம், சிறுநீர் அடக்க முடியாமை.

இம்மூன்றுக்கும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சிறுநீரில் இரத்தம், விடாத எலும்பு வலி, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால், அடுத்த பரிசோதனை நாள்வரை தள்ளிப்போடாமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரில் வரும் இரத்தத்துக்குச் சிறுநீர்ப்பையில் வேறொரு கட்டியும் காரணமாயிருக்கலாம். புகைபிடித்தவர்கள் இதை மறக்கலாகாது.

பி.எஸ்.ஏ. கூடினாலும் உடனே பயப்பட வேண்டாம். தொற்று இருந்தால் அந்த அளவு உயரும். தொற்று குணமாகிச் சில வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். மாறாக, வீக்கத்துக்குத் தரப்படும் பினாஸ்டிரைடு மாத்திரை சில மாதங்களில் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆகவே சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படுக்கையருகே உட்கார்ந்து கேட்கும்போது இரண்டு ஆபத்துகளைக் காண்கிறேன். ஒன்று, பயத்தினால் தேவையில்லாத ஆபரேஷனுக்கு விரைவது. சிறுநீர்க் கசிவும் தாம்பத்திய பலவீனமும் அதன் பின்விளைவுகளாகக் கூடும். மற்றொன்று, கூச்சத்தினால் மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைப்பது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: தொல்லை தொடங்கிய நாளை ஒரு தாளில் குறித்து, பழைய ரிப்போர்ட்டுகளோடு மருத்துவரிடம் வாருங்கள். தொல்லை இல்லை என்பதற்காகவும் குறித்த பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் சபையிலுள்ள பெரியவர்களுக்கு இதைத் தயவாய் வாசித்துக் காட்டுங்கள்.