லடாக் செல்லும் மோட்டார் சைக்கிள்கள்: கழலும் நட்டில் காத்திருக்கும் ஆபத்து

புது தில்லி: மணாலி - லே நெடுஞ்சாலையில் பனி அகற்றப்பட்டது என்ற செய்தி வந்துவிட்டால் போதும், தில்லி கரோல் பாக்கில் உள்ள நைவாலா சந்தில் கூட்டம் கூடிவிடும். லடாக் புறப்படும் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்க்கவும் வாடகைக்கு எடுக்கவும் வரும் இடம் இது. இங்கு அதிகம் கண்ணில் படுவது சென்னைத் தயாரிப்பான புல்லட்.

சுமை கட்டும் கம்பிச் சட்டம், கூடுதல் விளக்கு, பெட்ரோல் கேன் எனத் தாராளமாகச் செலவிடுவோர், செயின் ஓடும் பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மலைப் பாதையில் வண்டியைக் கவிழ்த்துவிடக் கூடியவை அவைதாம்.

மணாலியில் இருந்து லே 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. 2020-ல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைத் தவிர்க்க உதவினாலும், பாரலாச்சா லா, 5,300 மீட்டர் உயரத்தைத் தாண்டும் தங்லங் லா ஆகியவற்றை ஏறிக் கடந்தே ஆக வேண்டும். கேலாங்கைத் தாண்டினால் நல்ல பட்டறை கிடைப்பது அரிது. அங்கு ஒரு போல்ட் கழன்றால் அதன் சுமை மற்றவற்றின் மீது விழும். அவையும் முறிந்தால் செயின் நழுவிச் சிக்கி, பின்சக்கரம் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும். முன்பக்கப் பற்சக்கரத்தில் செயின் சுருண்டால் என்ஜினின் உறையே உடையும்.

ஏன் கழல்கிறது?: இறுக்கிய போல்ட் சற்றே நீண்டு, சுருள்வில்லைப் போல இரு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஒரு பக்கமும், விடும்போது எதிர்ப்பக்கமும் இழுபடும் பாகங்கள் சிறிதளவு பக்கவாட்டில் நழுவினாலும், மரையில் உள்ள உராய்வுப் பிடிப்பு தளர்ந்து நட் தானாகவே சுழலத் தொடங்கும். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969-ல் இதைச் சோதனை மூலம் நிறுவினார். வளைவுக்கு வளைவு கியர் மாற்றும் மலைச் சாலையில் இந்த இழுபறி நாளெல்லாம் நடக்கிறது.

இதற்குத் தீர்வாகப் பலரும் நம்புவது, வெட்டுவாய் கொண்ட ஸ்பிரிங் வாஷரை. முழுவதும் இறுக்கியதும் அது தட்டையாகி, சாதாரண வாஷராகிவிடுகிறது. நட் கழல்வதைத் தடுக்க அது பெரும்பாலும் பயன்படாது என்று 1990-ல் வெளியான நாசா கையேடு ஒன்றும் கூறுகிறது. ஸ்பேனரில் குழாயைச் செருகி முறுக்குவதோ அதைவிட மோசம். போல்ட் அளவு மீறி நீளும், அலுமினிய மரை அறுந்துபோகும்.

கியர் பெட்டிப் பற்சக்கரத்தின் நட்டுக்கு அடியில், ஓரத்தை மடித்து நட்டின் பக்கத்தோடு ஒட்டவைக்கும் பூட்டுத் தகடு பல வண்டிகளில் உண்டு. மடித்த இடத்திலேயே மீண்டும் மடித்தால் அது விரிசல் விடும். எனினும், கழற்றிய தகட்டைச் சுத்தியலால் தட்டி நேராக்கிப் பூட்டுவது பல பட்டறைகளின் வழக்கம். தேங்காயை விட மலிவான பொருளில் என்ன சிக்கனமோ தெரியவில்லை. நைலான் வளையம் கொண்ட நட்டையும் கழற்றினால் மாற்றிவிடுவதே நல்லது.

மற்றொரு வழி மரைப்பசை. அமெரிக்கப் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953-ல் உருவாக்கிய இது, காற்றுப் புகாத மரை இடுக்கில் உலோகம் பட்டு இறுகுவது. நீல நிறப் பசையைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம். சிவப்புக்குச் சூடு காட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள மரையில் இது சரியாகப் பிடிக்காது. எனவே மரையைத் துடைத்து உலரவிட்டு, சில சொட்டுகள் இட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். முழு வலுப்பெற ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். மாலையில் பூட்டி இரவோடு இரவாகப் புறப்படுவோருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

செயினின் தொய்வும் முக்கியம். அதிகம் தொங்கும் செயின் ஒவ்வொரு முறையும் வெட்டி இழுத்து, போல்ட்டுகளை உலுக்கிவிடும்.

புறப்படுமுன் நட்டையும் அதன் அருகிலுள்ள பாகத்தையும் இணைத்து, பெயிண்டால் ஒரு கோடு இழுத்துக் கொள்ளலாம். ஜிஸ்பாவிலோ சர்ச்சுவிலோ கூடாரத்தில் தங்கி, காலையில் வண்டியைக் கிளப்புமுன் குனிந்து பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது.