கடைக்குச் சீல் வைப்பது யார், ஆளைப் பிடிப்பது யார்?

காஜாங்கில் எங்கள் வீட்டருகே ஒரு மளிகைக் கடை இருந்தது. லைசென்ஸ் எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பெயரில். கல்லாவில் உட்கார்ந்திருந்தவரோ வெளிநாட்டவர். அண்ணன் மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒருநாள் நகராண்மைக் கழக அதிகாரிகள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். "கடையைப் பூட்டினார்கள், ஆளை ஏன் விட்டுவிட்டார்கள்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

பதில் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. ஊராட்சி மன்றங்கள் மாநிலப் பட்டியலில். குடிநுழைவு கூட்டரசுப் பட்டியலில். லைசென்சைப் பறிப்பது மாநிலத்தின் கீழுள்ள நகராண்மைக் கழகம். பெர்மிட் இல்லாதவரைத் தடுத்து வைத்து நாடு கடத்துவது குடிநுழைவுத் துறை. பல சோதனைகளில் இரு தரப்பும் சேர்ந்தே வருவது அதனால்தான்.

சபா, சரவாக் கதை வேறு. 1963-இல் மலேசியா உருவானபோதே அவை குடிநுழைவில் தனி அதிகாரம் பெற்றன. நம் பிள்ளைகள் கூச்சிங்கில் வேலை பார்க்கக்கூட அந்த மாநிலத்தின் அனுமதி வேண்டும்.

அதிகாரம் பிரிந்திருப்பதால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அண்ணனுக்கு லைசென்ஸ் போனது. இன்று அவர் வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார்.