குரலின் கீழ் மறைந்த கிற்றார்

இசைத்தட்டொன்றைக் கையிலெடுப்போர் முதலிற் பார்ப்பது பாடியவர் பெயரையே. பின்னிருந்து கருவி மீட்டியவர் யாவர் என வினவுவோர் மிகச் சிலர். இவ்வழக்கினால் உலகம் நன்கறியாது விட்ட கலைஞருள் ஒருவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஏர்ல் ஹூக்கர். அவர் எழுப்பிய நாதத்தைக் கேட்டோர் பலர். அவர் பெயரைக் கேட்டோர் சிலர்.

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியிற் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் துயரோடு பிறந்து வளர்ந்த இசை. அம்மக்கள் தொழில் நாடி வடக்கே சிக்காகோ நகருக்குப் பெயர்ந்தபோது இசையும் உடன் பெயர்ந்தது. நகரத்து மதுச்சாலைகளின் இரைச்சலில் மரக்கிற்றாரின் மெல்லோசை எடுபடவில்லை. ஆதலின் மின்கிற்றார் அதன் இடத்தைப் பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓங்கிய இம்மின்னிசைக்கு முதல்வராக மடி வோட்டர்ஸ் என்பாரைப் போற்றுவர். ஹூக்கரும் அவரைப் போல மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்தவரே. குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் சிக்காகோ சேர்ந்தார்.

விரலிற் செருகிய உலோகக் குழாயொன்றை நரம்பின்மேல் வழுக்கி மீட்டுவது புளூஸ் கலைஞர் கையாளும் ஒரு முறை. கோட்டுவாத்தியங் கேட்டுப் பழகியவர்க்கு அதன் குழைவு எளிதில் விளங்கும். இம்முறையை ஹூக்கர் றொபேட் நைற்ஹோக் என்னும் மூத்த கலைஞரிடங் கற்றார். இவ்வாறு வாசிப்போர் பலர் நரம்புகளைத் தனிப்பட்டதொரு சுருதியமைப்புக்கு மாற்றிக்கொள்வர். ஹூக்கரோ வழக்கமான சுருதியை மாற்றாது, சிறு குழாயொன்றைச் சுண்டுவிரலில் அணிந்தார். ஏனைய விரல்கள் நரம்பை அழுத்திச் சுரங்களைப் பிடிக்க, சுண்டுவிரல் மாத்திரம் வழுக்கிச் செல்லும். அழுத்தமின்றித் தொட்டும் தொடாமலும் அவர் எழுப்பிய ஓசை மனிதக் குரலையே ஒத்திருந்தது.

அவருக்குப் பேச்சிலே திக்கல் உண்டு. இளமை முதலே சயரோகமும் அவரை வாட்டிற்று. ஆதலின் பாடுவதை இயன்றவரை தவிர்த்தார். நாவுக்கு அரிதானதை விரல்கள் செய்தன எனலாம். ஆயினும், பாடகரையே நாடும் இசைச் சந்தையிற் பாடாத கலைஞருக்கு இடம் சிறிதே.

1961ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒலிப்பதிவுக்கூடமொன்றில் அவர் தம் குழுவினருடன் மெதுநடையான புளூஸ் ஒன்றை வாசித்தார். பதிவு நடைபெறுவதை அவர் அறியார், ஒலிநாடாவோ ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பாளர் மெல் லண்டன் பின்னர் அதனை ‘புளூ கிற்றார்’ என்னும் பெயரில் வெளியிட்டார். பாட்டில்லாத இசைத்தட்டாயினும் அது நன்கு விற்பனையாயிற்று.

அதனைக் கண்ட செஸ் நிறுவனத்து லெனாட் செஸ், லண்டனுடன் உடன்பாடு செய்து அப்பதிவைப் பெற்றார். வில்லி டிக்சன் சொற்களை ஆக்க, 1962இல் மடி வோட்டர்ஸ் அதன்மேற் பாடினார். ‘யூ ஷுக் மீ’ என்னும் பாடல் இவ்வாறு பிறந்தது. வழுக்கு வாசிப்பில் தாமே வல்லுநரான மடி வோட்டர்ஸ் இங்குக் கிற்றாரைத் தொடவில்லை. ஹூக்கரின் கிற்றார் சென்ற வழியே தம் குரலைச் செலுத்தினார். கருவி குரலைப் பின்பற்றுதல் இயல்பு. இங்கோ குரல் கருவியைப் பின்பற்றியது. எனினும் தட்டின்மேற் பாடியவராக விளங்கியது வோட்டர்ஸ் பெயர். ஆக்கியோராகப் பதிவாயின டிக்சன், ஜே. பி. லெனோர் என்போர் பெயர்கள். இவற்றுள் ஹூக்கரின் பெயர் இல்லை.

1968இல் ஜெஃப் பெக்கும், 1969இல் லெட் செப்பெலின் குழுவினரும் இப்பாடலைத் தம் முதல் நெடுந்தட்டுகளிற் சேர்த்தனர். இங்கிலாந்து இளைஞரின் வழியே அது உலகெங்கும் பரந்தது. சொல்லை எழுதியவர்க்கு உரிமை உண்டு, அது முறையே. சொல்லுக்கு முன்னே பிறந்து, சொல்லுக்கு வழிகாட்டிய நாதத்துக்கு உரியவர் யார்? இசை வணிகத்தின் ஏடுகளில் இதற்கு விடை இல்லை.

ஹூக்கரின் பெயர் தாங்கிய நெடுந்தட்டுகள் வாழ்வின் இறுதியிலேதான் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. நெடுநாள் மருத்துவமனையிற் கிடந்து மீண்டவர், 1968இல் ஆர்ஹூலி நிறுவனத்துக்காக ‘டூ பக்ஸ் அன்ட் எ றோச்’ என்னும் தட்டைப் பதிவு செய்தார். தலைப்பில் வரும் பூச்சிகள் அவர் நெஞ்சையரித்த நோயைக் குறிப்பன என்பர். தம் நோயையே நகைச்சுவையாக்கிய உள்ளம் அது. 1969இல் ஐரோப்பாவுக்கும் சென்று வாசித்துப் பாராட்டுப் பெற்றார். திரும்பியபின் மீண்டும் நோயுற்று, 1970ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் சிக்காகோவில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பதே. 2013இல் புளூஸ் கலைஞர்க்குரிய புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மறைந்து நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின் கிடைத்த சிறப்பு அது.

இசையார்வமுள்ள மாணவர் ‘புளூ கிற்றாரை’ முதலிலும் ‘யூ ஷுக் மீ’ பாடலை அடுத்தும் கேட்பாராக. இரண்டிலும் கிற்றார் ஒன்றே. முதலாவதைக் கேட்ட செவி, இரண்டாவதிலும் குரலைக் கடந்து ஹூக்கரை அடையாளங் கண்டுகொள்ளும்.